குளிர்ந்த குதிரை

மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் நேராகப் போய்ச் சீடரின் காலில்தான் விழுவார்கள். சீடருக்கு அறுபத்து மூன்று வயது, வெள்ளைத் தாடி, நிதானமான நடை. குருவுக்கு நாற்பத்தாறு. பார்த்தால் மோட்டார் ரிப்பேர் செய்ய வந்தவர் மாதிரி இருப்பார். சீடர் பதறி விலகி, "சாமி அங்க இருக்காங்க" என்று கை காட்டுவார். குரு அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

சீடரின் பெயர் அடைக்கலம். கோயிலுக்கு மண்குதிரை செய்யும் வேளார் குடும்பத்தில் பிறந்தவர். மடத்துக்கு வந்து மூன்று வருஷமாகிறது. கூட்டுவார், சமைப்பார், நல்ல காபி போடுவார். மண்ணை மட்டும் தொட மாட்டார். மடத்தில் இருந்த மண்பானையை வந்த வாரமே யாருக்கோ கொடுத்துவிட்டு ஒரு எவர்சில்வர் குடத்தை வைத்தார். குரு பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு நாள் காலை காபி டம்ளரை நீட்டிக்கொண்டே அடைக்கலம் கேட்டார்.

"சாமி, செஞ்ச பாவம் எப்பத் தீரும்?"

"எந்தப் பாவம்?"

அடைக்கலம் உட்கார்ந்தார். மூன்று வருஷத்தில் முதல் முறையாகச் சொன்னார்.

அவர் ஊர் ஆலங்கண்மாய். அங்கே அய்யனாருக்குக் குதிரை எடுக்கும் வருஷம், ஊர் கூடி, கண்மாயில் ஒரு பிடி மண் எடுத்து வேளார் கையில் கொடுக்கும். அதற்குப் பிடிமண் என்று பெயர். வாங்கப் போகிற வேளார் கையில் எதுவும் இருக்கக் கூடாது. இரண்டு கையையும் விரித்து ஊர் முன்னால் நிற்க வேண்டும். அந்த மண்ணைக் கலந்துதான் குதிரை செய்வார்கள். அடைக்கலமும் தம்பி சாத்தையாவும் சேர்ந்தே பிடிமண் வாங்குவார்கள், ஆளுக்கு ஒரு குதிரை செய்வார்கள்.

"பன்னெண்டு வருஷம் ஆச்சு சாமி. சூளை வைக்கற அன்னிக்குத் தம்பிக்குக் காய்ச்சல். 'என் குதிரை காஞ்சிருக்கான்னு பார்த்துட்டு ஏத்துண்ணே'ன்னு சொல்லிட்டுப் படுத்துட்டான். மழை மேகம் கூடிக்கிட்டு இருந்துச்சு. நான் அவசரத்துல பார்க்காமலே ஏத்திட்டேன். அவன் குதிரை வெடிச்சுப்போச்சு."

"அப்புறம்?"

"ஊர் வந்து கேட்டுச்சு. 'காஞ்சுதான் இருந்துச்சு, இவன்தான் வயித்துல காத்து போக ஓட்டை வைக்க மறந்துட்டான்'னு சொல்லிட்டேன். வயிறு தூள்தூளாக் கிடந்துச்சு. ஓட்டை இருந்துச்சா இல்லையான்னு யாரு கண்டா? சாமிக் குதிரையில தப்புப் பண்ணினவனுக்கு இனிப் பிடிமண் கிடையாதுன்னு ஊர் சொல்லிடுச்சு. பொண்டாட்டி பிள்ளையோட ஊர்ல ராத்தங்காமப் போயிட்டான்."

"இப்ப எங்க இருக்கார்?"

"கிழக்க, கடற்கரைப் பக்கம்னு சொன்னாங்க."

"தேடிப் போனீங்களா?"

அடைக்கலம் காலி டம்ளரை எடுத்துக் கழுவப் போனார்.

திரும்பி வந்தபோது குரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

"கிளம்புங்க வேளாரே. கிழக்குப் பக்கம் மண் வேலை செய்யறவங்களைப் போய்ப் பார்த்துட்டு வருவோம்."

"ஏதாவது மந்திரம் சொல்வீங்கன்னு நினைச்சேன் சாமி."

"எனக்குப் பானை செய்யறதைப் பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனார்கள்.

மெயின் ரோட்டு ஓரத்தில் மலையாண்டி என்பவரின் பட்டறை இருந்தது. பூந்தொட்டியும் துளசி மாடமும் செய்கிறவர். நிழலில் அடுக்கியிருந்த தொட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து, சிலதை இடப்பக்கமும் சிலதை வலப்பக்கமும் பிரித்துக்கொண்டிருந்தார். செல்லம் கொஞ்சுகிறாரோ என்று நினைத்தார் குரு.

"இது எதுக்குங்க?"

"ஈரம் பார்க்கறேன் சாமி. பார்வைக்கு எல்லாம் காஞ்ச மாதிரிதான் இருக்கும். உள்ள ஈரம் இருந்தா கன்னத்துல ஜில்லுனு இருக்கும். அதைச் சூளையில வெச்சா வெடிச்சிடும்."

குரு ஒரு தொட்டியை வாங்கிக் கன்னத்தில் வைத்தார். அவர் முகம் மலர்ந்தது.

"குளிருதே! நீங்களும் பாருங்க வேளாரே."

அடைக்கலம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்குத் தெரியும் சாமி."

குரு தொட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். ஆலங்கண்மாய்ச் சாத்தையாவைத் தெரியுமா என்று மலையாண்டியிடம் விசாரித்தார்.

"மண்ணு மிதிக்கறவர்தானே? கடலோரத்துல ஹேமலதாம்மா ஸ்டுடியோவுல இருந்தார். போய்க் கேளுங்க."

அடைக்கலத்துக்கு அந்த வார்த்தை சுருக்கென்றது. ஆளுயரக் குதிரை செய்தவன் மண் மிதிக்கிறவன் ஆகியிருக்கிறான்.

ஸ்டுடியோ சவுக்குத் தோப்புக்குள் இருந்தது. கேஸ் சூளை, கண்ணாடி அலமாரி, அலமாரியில் நீலமும் பச்சையுமாகக் கிண்ணங்கள். பெரிய ஊர்களில் கண்காட்சி வைக்கிற கலைஞர் ஹேமலதா. ஆனால் ஏப்ரனில் கை துடைத்துக்கொண்டே வந்து, இரண்டு பேருக்கும் தானே மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"சாத்தையா அண்ணனா? ஒன்பது வருஷம் இங்க இருந்தார். அவர் மிதிச்சுக் கொடுத்த மண்ல ஒரு கல் இருக்காது. ஆனா நான் எவ்வளவு கெஞ்சியும் சக்கரத்துல உட்கார மாட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை, தை மாசம், ஒரு குதிரை செய்வார். அப்படி ஒரு கழுத்து வளைவு என்னால இன்னைக்கும் கொண்டுவர முடியாது. செஞ்சு, காயவெச்சு, அப்படியே கொல்லையில நிறுத்திடுவார். மழை வந்ததும் கரைஞ்சிடும்."

"சுட மாட்டாரா?" என்றார் குரு.

"கேட்டேன். 'ஓட்டை வைக்க மறக்கற கைம்மா இது, சூளைக்குப் போகக் கூடாது'ன்னார். நீங்க மறந்தீங்கன்னு எப்படித் தெரியும்னு கேட்டேன். 'எங்கண்ணன் பார்த்துச் சொன்னாரு, அவரு பொய் சொல்ல மாட்டாரு'ன்னார்."

அடைக்கலம் மோரைக் குடிக்காமல் கீழே வைத்தார். தம்பி தன்னைத் திட்டியிருப்பான், சாபம் விட்டிருப்பான் என்று பன்னிரண்டு வருஷமாக நினைத்திருந்தார். தன்னை அவன் நம்பியிருப்பான் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"இப்ப எங்க இருக்கான்?"

"உங்களுக்குத் தெரியாதா? போன வருஷம் மாசியில தவறிட்டார். நெஞ்சுவலி. பொண்ணு மட்டும் பின் தெருவுல இருக்கா." ஹேமலதா அவரை உற்றுப் பார்த்தார். "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

அடைக்கலம் திரும்பி வாசலைப் பார்த்து நடந்தார். குருவும் அவருக்காகப் பதில் சொல்லவில்லை.

தோப்பைத் தாண்டியதும் அடைக்கலம் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்க மடத்துல மூணு வருஷம் இருந்தேனே சாமி. அதுல பாதி நாள் அவன் உயிரோட இருந்திருக்கான். ரெண்டு மணி நேரப் பஸ்ஸு. போகாம, உங்க வாசலைக் கூட்டிக்கிட்டு இருந்தேன்."

குருவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பானையை ஏன் கொடுத்தீங்கன்னு அன்னைக்கே நான் கேட்டிருக்கணும். கேட்கலை. காபி நல்லா இருந்துச்சு, குடிச்சுக்கிட்டு இருந்துட்டேன்."

அவர் குரலில் அத்தனை வருத்தத்தை அடைக்கலம் அதற்கு முன் கேட்டதில்லை. பிறகு குரு எழுந்து மணலைத் தட்டிக்கொண்டார்.

"பொண்ணு பேர் என்ன?"

"செல்வராணி."

ஓட்டு வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். பதினைந்து வயதில் ஊரை விட்டுப் போனவள். தாடியையும் மீறி உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"பெரியப்பா! வாங்க பெரியப்பா. வாங்க சாமி."

நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. அப்பா போனப்பச் சொல்லி அனுப்பணும்னுதான் இருந்தேன். அவருதான் வேணாம்னு சொல்லியிருந்தாரு. 'ஊர் முன்னால அண்ணனைத் தலைகுனிய வெச்சுட்டேன், இன்னொரு தடவை அவருக்குச் சங்கடம் வேணாம்'னாரு. அம்மா போனப்பவும் அதையேதான் சொன்னாரு."

அடைக்கலம் நாற்காலியில் உட்காரவில்லை.

"உங்களுக்கு ஒண்ணு காட்டணும்" என்று கொல்லைப்புறம் கூட்டிப் போனாள்.

தகரக் கூரைக்குக் கீழே, பழைய சேலை போர்த்தி, ஒரு குதிரை நின்றது. இடுப்பு உயரம் இருக்கும். சுடாத சாம்பல் நிறம். சேலையை விலக்கியதும் அந்தக் கழுத்து வளைவைப் பார்த்து குரு ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"கடைசியாச் செஞ்சது பெரியப்பா. மழையில விட எனக்கு மனசு வரலை. சுட்டு வெச்சுக்கணும்னு ஆசை. ஆனா வெடிச்சிடுமோன்னு பயம். வயித்துல ஓட்டை வெச்சிருக்காரான்னு நீங்க பார்த்துச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் அப்பா ஆத்மாவும் நம்பும்."

அடைக்கலம் மண்டியிட்டார். பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் கை மண்ணைத் தொட்டது. குதிரையின் வயிற்றுக்கு அடியில் விரல் தடவியது. ஓட்டை இருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று இருந்தது. அதற்கும் தள்ளி இன்னொன்று. ஒரு ஓட்டை போதுமான இடத்தில் சாத்தையா ஐந்து வைத்திருந்தார். தன் கையை நம்பாதவன் வைக்கிற ஓட்டைகள்.

"இருக்கா பெரியப்பா?"

"இருக்கு தாயி. அஞ்சு இருக்கு."

"காஞ்சிருக்கா?"

அவர் குதிரையின் விலாவில் கன்னத்தை வைத்தார். எடுக்கவே இல்லை. செல்வராணி பதில் வரும் என்று நின்றாள். கோழி ஒன்று கூரைக்குள் வந்து, மூன்று பேரையும் பார்த்துவிட்டு வெளியே போனது.

"குளிருதா?" என்று கேட்டார் குரு.

"இல்லை சாமி."

"அன்னைக்கு?"

அடைக்கலம் கண்ணை மூடினார். குருவுக்குச் சொல்ல வேண்டிய பதில் அது இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முகத்தைத் திருப்பித் தம்பி மகளைப் பார்த்தார்.

"அன்னைக்குக் குளிர்ந்துச்சு, தாயி."

அவளுக்குப் புரியவில்லை.

"பார்க்காம ஏத்தினேன்னு சாமிகிட்டச் சொன்னேன். அதுவும் பொய். கன்னத்துல வெச்சுப் பார்த்தேன். ஜில்லுனு இருந்துச்சு. வெடிக்கும்னு தெரிஞ்சுதான் ஏத்தினேன். ஊரு முழுக்க அவன் குதிரையையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு, என் குதிரையை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை. வயித்துல ஓட்டை இருந்துச்சு. ஏத்தும்போது என் விரலுக்குத் தட்டுப்பட்டுச்சு. உங்கப்பன் ஒண்ணும் மறக்கலை."

செல்வராணி அழவில்லை, கத்தவும் இல்லை. தகரத்தைத் தாங்கிய கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதை அவருகிட்டச் சொல்லியிருக்கலாமே பெரியப்பா. ஒரு தடவை வந்து சொல்லியிருக்கலாமே."

அடைக்கலம் மண்டியிட்டபடியே இருந்தார்.

"நானே நல்ல சூளை வெச்சு இதைச் சுட்டுத் தரேன் தாயி. ஊருக்குத் தூக்கிட்டுப் போய், இது சாத்தையா செஞ்சதுன்னு சொல்லி அய்யனார் கோயில்ல நிறுத்தறேன்."

அவள் சேலையை எடுத்துக் குதிரை மேல் போர்த்தினாள். கழுத்துப் பக்கம் நழுவியதைச் சரிசெய்தாள்.

"வேணாம் பெரியப்பா. இதை நீங்க தொட வேணாம்."

அவ்வளவுதான் சொன்னாள். வாசல்வரை வந்து வழியனுப்பினாள். போய்ட்டு வாங்க என்று அவள் குருவிடம் மட்டும்தான் சொன்னாள்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் அடித்தது. மேற்கே போகும் பஸ்ஸுக்காக நின்றார்கள்.

"மடத்துக்குப் போயிடுவோம் சாமி" என்றார் அடைக்கலம்.

"நான் போறேன். நீங்க ஆலங்கண்மாய்க்குப் போங்க."

"அவனே இல்லையே. அங்க போய் யாருகிட்டச் சொல்ல?"

"ஓட்டை வைக்க மறந்தவன்னு இன்னமும் சொல்றவங்க அங்கதானே இருக்காங்க?"

அடைக்கலம் தன் கைகளைப் பார்த்தார். விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது.

"அந்தக் குதிரையாவது என்கிட்ட இருந்தா, அதைக் காட்டிச் சொல்லியிருப்பேன். ஒண்ணும் இல்லாம ஊரு முன்னால எப்படிப் போய் நிப்பேன் சாமி?"

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. குரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பிடிமண் வாங்க எப்படிப் போய் நின்னீங்க, வேளாரே?"