இருபத்தஞ்சு வயசு வித்தியாசம்

கோணப்பாளையத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று சொல்பவனை நான் சும்மா விடமாட்டேன். இருக்கிறது ஐயா. தேய்ந்துவிடுமே என்று வெளியே எடுக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர்ச் சடையனுக்கும் அவன் மனைவி செல்லக்கிளிக்கும் பிள்ளையில்லை. குழந்தைகள் இல்லத்தில் பூவிழி என்ற ஆறு வயசுப் பெண்ணைக் காட்டினார்கள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. விண்ணப்பம், விசாரணை எல்லாம் ஆனபிறகு அதிகாரியம்மா சொன்னார்: "தத்தெடுக்கிறவங்களுக்கும் குழந்தைக்கும் இருபத்தஞ்சு வயசாவது வித்தியாசம் இருக்கணும். செல்லக்கிளிக்கு முப்பத்தொண்ணு. சரியா இருக்கு. திங்கக்கிழமை வாங்க."

வீட்டுக்கு வந்து சொன்னதும் சடையனின் அண்ணன் ஒண்டிமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அந்தக் காலத்துல ஆம்பளப் பிள்ளையத்தான் தத்தெடுப்பாங்க. கையால குடுப்பாங்க, கையால வாங்குவாங்க, முடிஞ்சுது. இப்ப பொண்ணையும் எடுக்கலாம்னு நல்ல சட்டம் வந்திருக்கு. கூடவே கணக்கும் வந்திருச்சே! அடுத்த வருஷம் பாப்பாவுக்கு ஏழு ஆயிடும். வித்தியாசம் இருபத்திநாலுதான். பிள்ளையப் பிடுங்கிட்டுப் போயிடுவாங்கடா!"

"எனக்கும் ஒரு வயசு கூடாதா?" என்றாள் செல்லக்கிளி.

"அது வளர்ற பிள்ளை. நீதான் வளர்ந்து முடிச்சாச்சே, தாயி!"

செல்லக்கிளி ஓவென்று அழுதாள். மூன்று நாள் யோசித்து, வயசை இப்போதே கூட்டி வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள்.

திங்கட்கிழமை செல்லக்கிளி தலை நிறைய அரிசிமாவோடு தடியூன்றிப் போனாள். சடையன் கூனிக்கொண்டு இருமினான்.

"ஐயோ, யாரு இந்தக் கிழடுங்க?" என்றார் அதிகாரியம்மா. "தம்பதி வயசு ரெண்டும் சேர்ந்து நூறைத் தாண்டக் கூடாதே!"

சடையன் சட்டென்று நிமிர்ந்தான். "தட்டு புள்ள, சீக்கிரம் தட்டு!"

மேசையெல்லாம் மாவு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூவிழி சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துக்கொண்டாள்.

"இவங்ககூடப் போகச் சம்மதமாம்மா?" என்று அவளைக் கேட்டார் அதிகாரியம்மா.

"ம். அம்மாவுக்கு நான் தலைக்கு ஊத்தி விடுறேன்."

அம்மா என்றதும் செல்லக்கிளி குழந்தையை வாரி அணைத்துக்கொண்டாள். பூவிழியும் வெள்ளையாகிவிட்டாள்.

"வருஷம் போனா எல்லாருக்கும் ஒரு வயசு கூடும்யா!" என்று அதிகாரியம்மா தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தார். வாய்வார்த்தை போதாது, எழுத்தில் வேண்டும் என்று சடையன் நகரவே இல்லை. விட்டால் போதுமென்று அவரும் ஒரு வெள்ளைத்தாளில், 'எங்களுக்கு ஆண்டுதோறும் ஒரு வயது கூடும்' என்று எழுதிக் கொடுத்தார். புருஷனும் பெண்டாட்டியும் கையெழுத்துப் போட்டார்கள்.

இப்போது பூவிழிக்குப் பன்னிரண்டு. செல்லக்கிளிக்கு முப்பத்தேழு. வித்தியாசம் குறையவில்லை.

ஒண்டிமுத்துவுக்கு மட்டும் இன்னும் நாற்பத்தெட்டுதான். கேட்டால், "நான் எங்க கையெழுத்துப் போட்டேன்?" என்கிறார்.