ஆறு நிமிடம் முந்திய பெயர்

திருப்பூருக்குத் தெற்கே ஒரு பனியன் கம்பெனி. அங்கே நாற்பது பெண்கள் தைக்கிறார்கள். மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு என்று கேட் அருகில் எழுதியே போட்டிருக்கிறது. ஆனால் சங்கு தினமும் ஆறு நிமிடம் தாமதமாகத்தான் ஊதும். சாப்பாடு முடிகிற நேரத்துக்கு மட்டும் தப்பாமல் ஊதிவிடும். கை கழுவ வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஆறு நிமிடம் என்பது பாதிச் சாப்பாடு.

முன்பெல்லாம் குறை சொல்ல ஒரு வழக்கம் இருந்தது. டிபன் பாக்ஸ் மூடியைத் தாளில் கவிழ்த்து வட்டம் போடுவார்கள். அந்த வட்டத்தைச் சுற்றி எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். முதலில் போட்டது யார் என்று எந்த மேனேஜராலும் சொல்ல முடியாது. மூடி எப்போதும் மயிலாத்தாளுடையது. பதினோரு வருடமாக அங்கே தைக்கிறாள். மூடியைக் கொடுப்பாளே தவிர, ஒருநாளும் முன்னால் நின்று பேசியதில்லை.

இந்த வருடம் தாள் செல்லாது என்றுவிட்டார்கள். வருகை, லீவு, புகார் எல்லாம் செல்போன் ஆப்பில்தான். அவரவர் போனில் அவரவர் பெயரை அமுக்க வேண்டும்.

"சங்கு லேட்டுன்னு வெள்ளிக்கிழமை பன்னெண்டரைக்கு எல்லாரும் ஒண்ணா அமுக்கிடலாம்" என்றாள் மயிலாத்தாள். எஸ்தர் மட்டும் தயங்கினாள். அவள் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. சேர்த்துவிட்டதே மயிலாத்தாள்தான். எஸ்தர் தன் மூன்று வயது மகளைப் பக்கத்துத் தெரு பால்வாடியில் விட்டுவிட்டு வருகிறாள்.

"என் பேரு தனியாத் தெரிஞ்சுடாதுங்களேக்கா?"

"நாப்பது பேரு ஒரே நேரத்துல அமுக்குனா, யாரு முன்ன யாரு பின்னன்னு எந்தச் சாமிக்குத் தெரியும்? நானாச்சு கண்ணு."

வெள்ளிக்கிழமை சங்கு ஊதியது. பதினோரு வருடப் பழக்கத்தில் மயிலாத்தாளின் கை தானாக மிஷினை நிறுத்தியது. போனை எடுத்து அமுக்கினாள். சுற்றிலும் எல்லோரும் அமுக்கினார்கள். எதிர் மிஷினில் எஸ்தர் மட்டும் போனை ஏற்கெனவே மடியில் வைத்திருந்தாள்.

சாயங்காலம் கம்பெனி அதிகாரி, புகார்ப் பட்டியலில் முதலில் இருந்த மூன்று பேரை உள்ளே கூப்பிட்டார்: மயிலாத்தாள், அவள் பக்கத்து மிஷின் சுல்தானா, எஸ்தர். கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார். எஸ்தர், 12.30. அதற்குக் கீழே முப்பத்தொன்பது பெயர்களுக்கும் 12.36.

"சங்கைத் திங்கக்கிழமையிலிருந்து சரி பண்ணிடறோம்மா. ஆனா ஆரம்பிச்சு வச்சது யாருன்னு இதுலயே இருக்கு. இந்தப் பொண்ணு பல்லடம் யூனிட்டுக்குப் போகட்டும்."

பல்லடம் என்றால் இரண்டு பஸ். பால்வாடி மூடுவதற்குள் திரும்ப முடியாது.

"ஒண்ணா அமுக்கறதுன்னுதானே பேச்சு? நாங்க அத்தனை பேரும் ஒண்ணாத்தான் அமுக்குனோம். நீ எதுக்கு புள்ள முந்துன?" என்றாள் சுல்தானா.

"சொன்ன நேரத்துக்குத்தாங்க்கா அமுக்குனேன்." எஸ்தர் மயிலாத்தாளைப் பார்த்தாள்.

"நேரம் குறிச்சது யாரும்மா?" என்றார் அதிகாரி.

மயிலாத்தாள் திரையில் இருந்த இரண்டு நேரங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயம் புரிந்தது. வாயைத் திறந்தால் பல்லடத்துக்குத் தானும் போக வேண்டியிருக்கும். புடவையில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துக்கொண்டே நின்றாள்.

படிக்கிறவர்களே, நீங்கள் சொல்லுங்கள். குறித்த நேரத்துக்குத் தனியாக அமுக்கினாள் எஸ்தர். எல்லோரோடும் சேர்ந்து அமுக்கினாள் சுல்தானா. புரிந்தும் பேசாமல் நின்றாள் மயிலாத்தாள். இதில் யார் செய்தது சரி?

விடை: எஸ்தர் செய்ததுதான் சரி. பேசியது பன்னிரண்டரைக்கு, அவள் போனில் மணி பார்த்து அமுக்கினாள். மற்றவர்கள், எந்தச் சங்கு தப்பாக ஊதுகிறது என்று புகார் கொடுத்தார்களோ, அதே சங்கை நம்பி அமுக்கினார்கள். சுல்தானா மேல் குற்றமில்லை, அது பழக்கதோஷம். சங்கு தாமதம் என்பதற்கு அந்தப் பட்டியலே சாட்சி. அதை ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம் மயிலாத்தாள். சொல்லியிருந்தாலும் எஸ்தரை விட்டிருப்பார்களா என்று கேட்டால், எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை சங்கு சரியாகப் பன்னிரண்டரைக்கு ஊதியது. மயிலாத்தாள் டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்தாள். எதிர் மிஷினுக்கு உறை போட்டிருந்தது.