கைதான ராஜ வயிறு

முன்னொரு காலத்தில் ஒரு தேன்கூட்டைப் பற்றி ஓயாமல் பெருமை பேசும் அரசர் ஒருவர் இருந்தார். பெயர் வீரகேசரி. அவர் முடிசூடிய அன்று ஒரு தேனீக் கூட்டம் பறந்து வந்து அரண்மனைத் தோப்பின் வேப்பமரப் பொந்தில் குடியேறியது. "என் ஆட்சியைக் கேள்விப்பட்டுத் தேனீக்களே தேடி வந்துவிட்டன!" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவார். அதை யாரும் தொடக்கூடாது என்று ஆணையிட்டு, விகடகவி பூவராகனைக் காவலுக்கு வைத்தார்.

பூவராகனுக்குக் கிடைத்த இந்த மரியாதை பண்டகசாலை அதிகாரி விருத்தகிரிக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் காலை அரசர் பொந்துக்குள் எட்டிப் பார்த்தால், பாதி அடையைக் காணோம்! சபை கூடியது.

"காவல் இருந்தவர் பூவராகர். தின்றவரும் அவராகத்தான் இருக்க வேண்டும்" என்றார் விருத்தகிரி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிடும் ஐயா. அரசர் இரக்கமுள்ளவர்" என்றார்.

பூவராகன் நிமிர்ந்து நின்றான். "செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை."

அரசருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படியானால் பொழுது சாய்வதற்குள் அந்தத் தேனைக் கண்டுபிடி! அது எங்கே இருந்தாலும் சரி, அந்த இடத்தைக் கட்டி என் கண்முன் நிறுத்து. யாருடையது என்று பார்க்காதே. தவறினால் இந்த நாட்டில் உனக்கு இடமில்லை!"

பூவராகன் தோப்புக்குப் போனான். தேங்காய் மட்டையைப் புகையவிட்டு, தேனீக்கள் விலகியதும் உள்ளே பார்த்தான். கரடி பிய்த்திருந்தால் அடை சிதைந்திருக்கும். அந்துப்பூச்சி அரித்திருந்தால் நூலாம்படை போல் இழை படர்ந்திருக்கும். இதுவோ கத்தி வைத்து அறுத்தாற்போல் நேராக இருந்தது. மனிதன் கைதான். வெட்டுவாயில் கசிந்த தேனை விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். முதலில் இனித்தது, பிறகு லேசாகக் கசந்தது. தோப்பு முழுக்க வேம்பு பூத்திருந்த மாதம் அது.

அவன் திரும்பியபோது அரசர் சபையோருடன் உணவருந்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் விருத்தகிரி. வெள்ளித் தட்டில் ஒரு துண்டுத் தேனடை.

"வா, பூவராகா! மேற்கு மலையிலிருந்து விருத்தகிரி எனக்காக வரவழைத்த தேன். காலையிலிருந்து இதைத்தான் சாப்பிடுகிறேன். இனிப்புக்குப் பின்னால் ஒரு சின்னக் கசப்பு. அடடா!"

பூவராகன் ஒரு சொட்டு வாங்கிச் சுவைத்தான். தன் மேல்துண்டை உருவி அரசரின் வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். நிலைக்கண்ணாடியைத் தூக்கிவந்து அவர் எதிரே வைத்தான்.

"அரசே, திருட்டுத் தேன் இருக்கும் இடத்தைக் கட்டித் தங்கள் கண்முன் நிறுத்திவிட்டேன். யாருடையது என்று நான் பார்க்கவில்லை."

"இது ராஜத் துரோகம்!" என்று கத்தினார் விருத்தகிரி.

"மேற்கு மலை உச்சியில் வேப்பமரம் ஏதையா, தேன் கசப்பதற்கு?" என்றான் பூவராகன். "அரசே, இந்தத் துண்டைப் பொந்தில் இருக்கும் அடையோடு பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள்."

காவலர்கள் பொருத்திப் பார்த்தார்கள். ஓரத்தோடு ஓரம் கச்சிதமாகச் சேர்ந்தது. விருத்தகிரி தடாலென்று அரசர் காலில் விழுந்தார். அன்றே அவர் பதவி பறிபோனது.

அரசர் கண்ணாடியில் தம் வயிற்றைப் பார்த்தார். "சரி, பிடிபட்ட இவனுக்கு என்ன தண்டனை?"

"அறியாமல் செய்த குற்றம். இன்று இரவு மட்டும் பட்டினி, மகாராஜா."

அரசர் சிரித்த சிரிப்பில் துண்டின் முடிச்சே தெறித்து அவிழ்ந்தது. தம் தோளில் இருந்த பொன்சரிகைப் பட்டுச் சால்வையை எடுத்துத் தாமே பூவராகனுக்குப் போர்த்தினார். பண்டகசாலைச் சாவியையும் அவன் கையில் கொடுத்தார். காலையில் அவனைத் திருடன் என்று சொல்லக் கேட்ட சபை எழுந்து நின்று வழிவிட, பூவராகன் தலை நிமிர்ந்து நடுவாசல் வழியே வீட்டுக்கு நடந்தான்.