ஷட்டரைத் தூக்கும் முன்

"திறக்காத கதவுக்கு முன்னால நிக்கிறவன் முதல்ல..." என்று என் பெரியப்பா ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். பின்பாதி எனக்கு மறந்துவிட்டது. சிராஜைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகு, மறந்ததில் எனக்குப் பெரிய வருத்தமில்லை.

சிராஜ் திருச்சியில் ஷட்டர் மெக்கானிக். வயது முப்பத்தைந்து. அவரிடம் தொழில் கற்க வந்த அருளப்பனுக்கு ஐம்பத்தொன்று. சிங்கப்பூரில் இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர் அருளப்பன். ஊர் திரும்பிய மாதமே அவர் வீட்டுக் கார் ஷெட்டின் ஷட்டர் பாதியில் நின்றுவிட்டது. இரண்டு நாள் போராடினார். மூன்றாம் நாள் சிராஜ் வந்தார். அருளப்பனிடம் ஷட்டரைத் தூக்கச் சொல்லிவிட்டு, அதில் காதை வைத்துக் கேட்டார். ஏணியில் ஏறி ஒரே ஒரு நட்டைத் தளர்த்தினார். ஷட்டர் விரல் பட்டதும் மேலே போனது.

மறுநாள் காலை அருளப்பன் சிராஜின் கடை வாசலில் நின்றார்.

"உங்களுக்கு நான் என்னண்ணே சொல்லித் தர்றது?"

"பழுது எங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க? அதை மட்டும் சொல்லித் தாங்க பாய்."

சிராஜ் சிரித்தார். டீ வாங்கிக் கொடுத்தார். நான்கு மாதமாகியும் பதில் வரவில்லை.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த காலையில் தில்லை நகரிலிருந்து டாக்டர் வசுமதி போன் செய்தார். பிரசவ டாக்டர். கார் ஷெட் பூட்டில் சாவி பாதிதான் போகிறது, கார் உள்ளே மாட்டிக்கொண்டது என்றார். சிராஜ் வேறொரு கடையில் வேலையாக இருந்தார்.

"நீங்க முன்னால போங்கண்ணே. நான் வந்துடறேன்."

சிராஜ் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. அருளப்பன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஷட்டர் முன்னால் குப்புறப் படுத்திருந்தார். பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்து, கருவிகளை அளவு வாரியாக அடுக்கியிருந்தார்.

"என்னண்ணே, டாக்டர் வீடுன்னதும் ஆபரேஷனே ஆரம்பிச்சிட்டீங்க?"

அருளப்பன் சிரிக்கவில்லை. எழுந்து, கேட் பக்கம் கண்ணைக் காட்டினார்.

கேட்டை ஒட்டிய சின்ன அறையின் வாசலில் வாட்ச்மேன் பெரியகருப்பன் வேட்டி சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். பதினோரு வருடமாக அந்த வீட்டில் இருப்பவர்.

"என்ன ஆச்சு?"

"பூட்டுக்குள்ள என்னவோ கெட்டியா அடைச்சிருக்கு பாய். ஊசியை விட்டுச் சுரண்டினா கல்லு மாதிரி உதிருது. டாக்டரம்மா என்னன்னு கேட்டாங்க. யாரோ பசையை ஊத்தியிருக்காங்கன்னு சொன்னேன்."

"ம்."

"இவர் மகளுக்கு இது பிரசவ மாசம். போன வாரம் பத்து நாள் லீவு கேட்டிருக்காரு. அம்மா முடியாதுன்னுட்டாங்க. அந்தக் கோபத்துல செஞ்சிட்டார்னு அவங்களுக்கு நினைப்பு. ஷட்டர் திறந்ததும் நீ கிளம்பிடணும்னு சொல்லிட்டு மாடிக்குப் போயிட்டாங்க."

"பெரியவர் என்ன சொன்னாரு?"

"நான் செய்யலைம்மான்னு ஒரு தடவை சொன்னாரு. அப்புறம் வாயே திறக்கலை."

சிராஜ் பூட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பூட்டைத் தொடவில்லை.

"வந்ததும் என்ன செஞ்சீங்க?"

"ஆயில் அடிச்சேன்."

"அதுக்கு முன்னால?"

"சாவியைப் போட்டுப் பார்த்தேன்."

"அதுக்கும் முன்னால?"

அருளப்பன் யோசித்தார். "துடைச்சேன். அழுக்கு மேல கை வைக்கக் கூடாதுன்னு சிங்கப்பூர்ல பழக்கிட்டாங்க."

"துடைச்ச துணியைக் குடுங்க."

பழைய பனியன் துணி. மடிப்பைப் பிரித்தபோது உள்ளே மஞ்சளாக ஒரு தீற்றல் இருந்தது. அதன் நடுவில் கொஞ்சம் சிவப்பு.

சிராஜ் தரையில் உதிர்ந்து கிடந்த துணுக்கு ஒன்றைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்தார். தண்ணீர் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு விட்டார். விரலால் மெல்லத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை அருளப்பனின் மூக்கருகே நீட்டினார்.

ஆயில் வாடைக்கு அடியிலிருந்து சந்தனம் மணத்தது.

அருளப்பன் கேட் பக்கம் திரும்பிப் பார்த்தார். பையின் ஜிப் மூட மறுத்தது. பெரியகருப்பன் அதை முழங்காலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?" என்று சிராஜ் குரல் கொடுத்தார்.

வேலை போன மனிதர் எழுந்து போய் வெந்நீர் வைத்து எடுத்துவந்தார். சொம்பைத் தோளிலிருந்த துண்டால் சுற்றிக் கொடுத்தார்.

"பார்த்து தம்பி, சுடும்."

சிராஜ் ஊசியில்லாத சிரிஞ்சில் வெந்நீரை இழுத்து, சாவித் துவாரத்துக்குள் விட்டார். காத்திருந்தார். மறுபடி விட்டார். அவசரமே இல்லை. குழந்தைக்குக் காது கழுவுகிற மாதிரி இருந்தது என்று அருளப்பன் பின்னாளில் சொன்னார். முதலில் எண்ணெய் வந்தது. பிறகு மஞ்சள் நீர் ஒழுகியது. கடைசியில் தெளிந்த நீர் வந்தது. சாவி முழுதாக உள்ளே போனது. திருப்பியதும், பூட்டு விடுபடும் சத்தம் கேட்டது.

அருளப்பன் ஷட்டரைத் தூக்கக் குனிந்தார்.

"இருங்கண்ணே."

மாடி பால்கனியிலிருந்து டாக்டரின் குரல் வந்தது. "திறந்தாச்சா?"

"இன்னும் கொஞ்சம் வேலை இருக்கும்மா" என்றார் சிராஜ்.

பிறகு பெரியகருப்பனிடம் திரும்பினார். "பூஜை அன்னைக்கு மட்டும் வைப்பீங்களா, வெள்ளிக்கிழமையுமா?"

"எதைத் தம்பி?"

"சந்தனம்."

அன்று காலையிலிருந்து முதல் தடவையாகப் பெரியகருப்பன் முகம் மலர்ந்தது. "வெள்ளிக்கிழமை சின்னதா ஒரு பொட்டு. பூஜைக்குக் கொஞ்சம் தாராளமா. அம்மாவுக்கு இதுக்கெல்லாம் நேரமேது? யாருக்காவது வலி வந்துடுச்சுன்னு போன் வந்தா, நேரங்காலம் பார்க்காம ஒத்தையில காரை எடுத்துக்கிட்டுப் போறவங்க. நல்லபடியா போய் நல்லபடியா வரணும்ல?"

"வரணும்." சிராஜ் எழுந்து, பூட்டுக்கு ஒரு முழம் மேலே ஷட்டர் தகட்டைத் தொட்டுக் காட்டினார். "இனிமே இந்த இடத்துல வைங்க. தர்காவுல சந்தனக்கூடு அன்னைக்கு எங்க ஆளுங்களும் கைநிறைய அள்ளிக்கிட்டு வருவாங்க. என் கடைப் பூட்டுக்கிட்ட மட்டும் ஒருத்தரையும் விட மாட்டேன்."

பெரியகருப்பன் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்தினார். தரையில் தேங்கியிருந்த மஞ்சள் நீரையே பார்த்தார்.

"அப்ப அடைச்சது நான்தானா தம்பி?"

"பூட்டு பழசு பெரியவரே. துவாரம் தேய்ஞ்சு அகலமாயிடுச்சு."

"இல்ல தம்பி. நான்தான்." மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டார். "அம்மா சொன்னதுல தப்பில்ல. செய்யலைன்னு நான்தான் வாய் கூசாம சொல்லிட்டேன்."

அறைக்குப் போனார். ஜிப் மூடாத பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து கேட்டருகே நின்றார்.

"தூக்குங்க தம்பி. அங்க எந்தப் புள்ளை வலியில காத்துக்கிட்டு இருக்கோ. அம்மா போகட்டும்."

அருளப்பனுக்கு நெற்றி விளக்கை அணைக்க வேண்டுமென்றுகூடத் தோன்றவில்லை. சிராஜ் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"பாய், நீங்க மேல போய்ச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

சிராஜ் சிரிஞ்சை உதறித் துடைத்தார்.

"இல்லேன்னா துருப்பிடிச்சிருந்துச்சுன்னு சொல்லிடலாம். யாருக்கும் சங்கடமில்ல."

"யாருக்குண்ணே சங்கடம்?"

சிராஜ் சிரிஞ்சைப் பைக்குள் வைத்தார். வெள்ளைத் துணியிலிருந்த கருவிகளை, அருளப்பன் அடுக்கியிருந்த வரிசை கலையாமல், ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

"பூட்டு திறந்துடுச்சு" என்றார் அருளப்பன். "அம்மாகிட்ட இன்னும் வேலை இருக்குன்னு சொன்னீங்க. இனி எங்க பாய் இருக்கு பழுது?"

"அண்ணே, பூட்டுக்குள்ள போனது சந்தனம். டாக்டரம்மா காதுக்குள்ள போனது பசை. சந்தனத்தை நான் எடுத்துட்டேன்."

ஷட்டரைத் தூக்காமல், அருளப்பன் மாடிப்படி ஏறினார்.