தோற்றவனுக்கு ஒரு அத்தியாயம்

சீனாவில், ஹாங்சோ நகரில் தோங் அம்மாள் காதல் நாவல் எழுதிவந்தார். அட்டையில் ஆண் பெயர்தான் இருக்கும். பெண் எழுதியது என்றால் கடைக்காரன் தொடமாட்டான். அவரிடம் எழுதக் கற்க வந்தவன் லூ ஃபெங்.

ஒருநாள் அவன் நாவல்களைக் கட்டாகத் தூக்கிவந்து தரையில் போட்டான்.

"எல்லாம் பொய், அம்மா."

"எதுடா?"

"இது அத்தனையும். மிங் அரசர் காலத்துல எழுதினதும் சரி, போன மாசம் அச்சானதும் சரி. அவன் ஏழை, அவ அழகி. தோட்டத்துச் சுவருக்கு இந்தப் பக்கம் அவன் ஒரு கவிதை, அந்தப் பக்கம் அவ ஒரு கவிதை. அப்புறம் அரசுத் தேர்வு. அவன்தான் முதல். பேரரசரே கல்யாணம் பண்ணிவைக்கிறார். எல்லாக் கதையிலயும் இவனே முதல்னா, மத்தவன் எல்லாம் எங்க போனான்? அவனுக்குக் காதலே கிடையாதா?"

கோபத்துக்குக் காரணம் இருந்தது. வசந்த காலத்தில் அவனும் தலைநகரில் தேர்வு எழுதினான். தேறியவர்கள் பெயரைச் சுவரில் ஒட்டினார்கள். அவன் பெயர் இல்லை. ஊருக்குப் போகாமல் நேராக இங்கே வந்துவிட்டான். ஊரில் வெய் ஷுவாங் இருந்தாள். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது. அவளை உப்பு வியாபாரி மகனுக்குப் பேசி முடிக்கப்போகிறார்கள் என்று முந்தின நாள்தான் ஊர்க்காரர் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

இதெல்லாம் தோங் அம்மாளுக்கும் தெரியும்.

"சரி. தோத்தவன் கதையை நீ எழுது" என்றார்.

சரியாகத் தூங்காமல் எழுதிக் கொண்டுவந்தான். அவர் நின்றபடியே படித்தார். கடைசித் தாளுக்கு வந்தார்.

"ஆத்துல குதிச்சுட்டானா?"

"வேற என்ன பண்ணுவான்? எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு ஊருக்குப் போவான்?"

"போகக்கூடாதுன்னு யார் சொன்னா?"

"எந்தக் கதையிலம்மா தோத்தவன் திரும்பி வந்திருக்கான்?"

"ஓகோ. எல்லாம் பொய்னு தரையில போட்டது யாரு, நானா?"

அவன் முகம் சிவந்தது. "அவளுக்கு எவ்வளவு அவமானம்! அவளைக் காப்பாத்தத்தான் அவன் குதிக்கிறான்."

தோங் அம்மாள் தாள்களை மேஜைமேல் ஓங்கி அடித்தார். மைக்கிண்ணம் சாய்ந்தது. அதை நிமிர்த்தக்கூட இல்லை.

"காப்பாத்தறானாம்! அவ வந்து கேட்டாளா? அந்தக் கதைகள்ல ஜெயிச்சவன் அவளைப் பரிசா வாங்கிட்டுப் போறான். உன் ஆளு தோத்துட்டு, அவகிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லாம செத்துப்போறான். ரெண்டுலயும் அவ ஜன்னலோரம் உட்கார்ந்து அழறா. வாய் எதுக்குடா இருக்கு அவளுக்கு? கவிதை சொல்லவா?"

அவன் மைக்கிண்ணத்தை எடுத்து நிமிர்த்திவைத்தான்.

அவர் கடைசித் தாளைக் கிழித்தார். வெறும் தாள் ஒன்றை அவன்முன் விரித்தார். தூரிகையைக் கையில் திணித்தார்.

"அவன் குதிக்கல. அவ வீட்டு வாசல்ல வந்து நிக்கிறான். தோத்துட்டேன்னு சொல்றான். அவ என்ன சொல்றா? எழுது."

தூரிகையை மையில் தோய்த்தான். மை காய்ந்தது. திரும்பவும் தோய்த்தான். தெருவில் தோஃபு விற்பவர் கூவிக்கொண்டு போனார், அதே வழியில் திரும்பியும் வந்தார். தாள் அப்படியே இருந்தது.

"என்ன?"

"தெரியல, அம்மா."

"என்ன தெரியல?"

"அவ என்ன சொல்வான்னு."

"அவளுக்குக் கவிதை அனுப்பியிருக்கியா?"

"நிறைய."

"அவளை ஏதாவது கேட்டிருக்கியா?"

அவன் இல்லையென்று தலையசைத்தான்.

தோங் அம்மாள் அந்த வெறும் தாளை மடித்து அவன் சட்டைக்குள் செருகினார்.

"உங்க ஊருக்கு மத்தியானப் படகு இன்னும் கிளம்பல. ஓடு."

வாசல்வரை போனவன் நின்றான்.

"அவ வேண்டாம்னு சொல்லிட்டா?"

"அதையே எழுதிட்டு வா. அப்படி ஒரு புத்தகத்தை நான் இன்னும் படிச்சதில்ல."