தோள் சொன்ன கணக்கு

"என் தோள் பொய் சொல்லுமா டீச்சர்?" என்று கேட்டார் சங்கரநயினார்.

"சொல்லாது அண்ணாச்சி" என்றாள் ஜெபமலர்.

"அப்பம் எதுக்கு என் கணக்கைத் தப்புன்னு அடிக்கீங்க?"

ஜெபமலர் பதில் சொல்லவில்லை. சிவப்புப் பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். அவள் சுபாவம் அப்படி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று சின்ன வயதில் யாரோ பயமுறுத்தி வைத்திருக்க வேண்டும்.

தென்காசிச் சாலையில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது இந்தக் குருகுலம். காலை ஆறு மணிக்கு வகுப்பு. பாடம் ஏறுகிறதோ இல்லையோ, கீழேயிருந்து ரொட்டி வேகும் வாசனை தவறாமல் ஏறிவரும்.

சிஷ்யருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. குருவுக்கு முப்பதுதான். அதனாலென்ன, தெரிந்தவர் நாற்காலியில், தெரியாதவர் பெஞ்சில்.

நயினார் தீயணைப்பு நிலையத்தில் லீடிங் ஃபயர்மேன். தண்ணீர் வரும் ரப்பர் குழாயான ஓஸின் முனையில் மாட்டும் பித்தளைக் குழலை அவர்கள் பிராஞ்ச் என்பார்கள். அதன் குறுகிய வாய்க்குப் பெயர் நாஸில். எங்கே தீ என்றாலும், யார் பணியில் இருந்தாலும், பிராஞ்ச் நயினார் கையில்தான். கால் நூற்றாண்டாக அப்படித்தான்.

இப்போது வலது தோள் போய்விட்டது. இனிமேல் பிராஞ்சைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மிச்சம் இருந்தது இரண்டே வழி. துறைத் தேர்வில் தேறி நிலைய அலுவலர் ஆனால், தீ எரிகிற இடத்தில் நின்று மற்றவர்களை நடத்தலாம். தேறாவிட்டால், பென்ஷன் வரும்வரை நிலையத்தில் உட்கார்ந்து போன் எடுக்கலாம். வயது வரம்பின்படி இதுதான் கடைசித் தடவை.

மணியடித்துக்கொண்டு வண்டி கிளம்பிப் போக, தான் மட்டும் போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்ப்பார் நயினார். நெருப்புக்குள் போனபோதெல்லாம் வராத பயம் அப்போது வரும்.

தேர்வில் மற்ற பாடமெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தண்ணீர்க் கணக்குதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. அதற்குத்தான் மார்க்கும் அதிகம்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள் ஜெபமலர்.

ஓஸுக்குள் அழுத்தம் இவ்வளவு, நாஸில் வழியாகத் தண்ணீர் என்ன வேகத்தில் வெளியேறும்? இதுதான் கேள்வி.

நயினார் படம் வரைந்தார். இரண்டு புள்ளி வைத்தார். ஒன்று ஓஸுக்குள், ஒன்று நாஸில் வாயில். அது வரைக்கும் சரி.

ஓஸுக்குள் இருக்கும் புள்ளியில் ஏழு என்று அழுத்தத்தைக் குறித்தார். கேள்வியிலேயே கொடுத்திருந்தது. நாஸில் வாயில் பத்து என்று குறித்தார்.

"பத்து யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. எனக்குத் தெரியும்லா."

கூட்டினார், கழித்தார். வேகத்தின் வர்க்கம் மைனஸில் வந்து நின்றது. மைனஸுக்கு எங்கே வர்க்கமூலம் எடுப்பது? நயினார் சன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, மைனஸை விட்டுவிட்டு அடுத்த வரியை எழுதினார்.

"மைனஸ் எங்க?"

"விழுந்துட்டு போல."

"நேத்தும் விழுந்துச்சு."

நயினார் பேனா மூடியைத் திருகினார்.

"வேகம் கூடுற இடத்துல அழுத்தம் குறையும்னு புக்குல போட்டிருக்கே அண்ணாச்சி."

"புக்கு எழுதுனவரு பிராஞ்ச் புடிச்சிருக்காரா?" என்றார் நயினார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "ஓஸ் பாட்டுக்குத் தரையில கிடக்கும் டீச்சர். அது மேல உக்காந்து டீ குடிக்கலாம். நாஸில்கிட்ட நின்னு பாருங்க. தண்ணி வந்ததும் ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டை ஒண்ணு வந்து தோள்ல சாயும். அழுத்தம் இல்லாமயா சாயுது?"

"சிமெண்ட் மூட்டையா?"

"அதுக்குக் கொஞ்சம் குறைச்சலா இருக்கும்."

"சாயுதுன்னு தோள் சொல்லுச்சு. சரி. அழுத்தம்னு சொன்னது யாரு? தோளா, நீங்களா?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். நயினார் இந்த முயலைப் பிடித்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அவ்வளவு சீக்கிரம் நாலாவது கால் முளைத்துவிடுமா? புத்தகத்தை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்குப் பின்பக்கம் வாங்க" என்றாள் ஜெபமலர். "துண்டு ஒண்ணு கொண்டாங்க."

"துண்டு எதுக்கு?"

அவள் கரும்பலகையை அழிக்கத் தொடங்கிவிட்டாள்.

மறுநாள் பேக்கரிக்குப் பின்னால் போனார் நயினார். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு ரப்பர் ஓஸ் மாட்டியிருந்தது. அதன் முனையில் கேக்கில் க்ரீம் பிழிகிற பிளாஸ்டிக் கூம்பைச் செருகி, கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தாள் ஜெபமலர். நயினாருக்குச் சிரிப்பு வந்தது. அவ்வளவு சின்ன பிராஞ்சை அவர் பார்த்ததே இல்லை.

"ஊசியால ரெண்டு ஓட்டை போட்டிருக்கேன்" என்றாள். "ஒண்ணு ஓஸுல. ஒண்ணு கூம்போட வாய் ஓரத்துல. எது ஜாஸ்தி பீச்சும்?"

"இதுல என்ன கேள்வி? வாய்கிட்ட இருக்கிறதுதான்."

"சரி."

அவள் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். வலது கையால் கூம்பைப் பிடித்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். பிறகு முகத்தை அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கண்ணுக்கும் ஓட்டைக்கும் நடுவே இரண்டு விரல் போகும். அவ்வளவுதான்.

நயினாரின் சிரிப்பு போய்விட்டது.

"டீச்சர், முகத்தைத் தள்ளுங்க. கண்ணுல அடிச்சிரும்."

"உங்க கணக்கு சரின்னா அடிக்கும்."

"விளையாடாதீங்க டீச்சர். தண்ணின்னா லேசுப்பட்டது இல்ல."

"நீங்க எங்க நின்னா நல்லதுன்னு தோணுதோ, அங்க நின்னுக்கிட்டுக் குழாயைத் திறங்க."

நயினார் ஓஸ் பக்கமாக நின்றார். பழக்கதோஷம், தரையில் கிடக்கும் ஓஸை யாரும் ஒரு ஆளாக மதிப்பதில்லை. குழாயில் கை வைத்தார். கை திருகமாட்டேன் என்றது. எத்தனையோ பேரைத் தீயிலிருந்து தூக்கி வந்த கை அது. ஒரு பெண்ணின் கண்ணில் தண்ணீரைப் பாய்ச்ச அதற்கு மனம் வரவில்லை.

கடவுளே, என் கணக்கு தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். அப்படி ஒரு வேண்டுதலை அவர் அதுவரை வைத்ததே இல்லை.

திறந்தார்.

கூம்பிலிருந்து பாய்ந்த தண்ணீர் நேராகப் போய் மதிலோரத்து முருங்கை மரத்தில் அடித்தது. ஓஸிலிருந்த ஊசி ஓட்டை நயினாரின் நெஞ்சில் தொடங்கி மீசை வரைக்கும் பீச்சியது.

வாய் ஓரத்து ஓட்டையில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. அது விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு அங்கேயே நின்றது.

ஜெபமலரின் முகம் காய்ந்து கிடந்தது.

நயினார் விலகவில்லை. சட்டை நனைய நனைய அந்த ஒரு சொட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாயை விட்டு வெளிய வந்துட்ட தண்ணியைச் சுத்தி யாரு நிக்கா அண்ணாச்சி?"

அவர் பாய்கிற தண்ணீரைப் பார்த்தார். அதற்கு மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"யாரும் இல்ல. காத்துதான்."

அவள் அடுத்த கேள்வி கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

"காத்து அமுக்குற அளவுதான் அங்க இருக்கும்" என்றார் நயினார் மெதுவாக. "அதுக்கு மேல அமுக்க அங்க ஆளு கிடையாது."

சொன்ன பிறகு அவருக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். ஆனால் சந்தோஷம் வரவில்லை. யாரோ வந்து, இத்தனை வருடம் நீ கட்டிப் புரண்டது எதிரியே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனால் எப்படி இருக்கும்?

"அப்பம், இத்தனை வருசமா என் தோள்ல சாஞ்சது யாரு டீச்சர்?"

ஜெபமலர் எழுந்து போய்க் குழாயை மூடினாள். முருங்கை மரத்தைக் காட்டினாள். இலைகளிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"ஓஸுல இருந்த தண்ணி எங்க?"

"போயிட்டு."

"அதைக் கேளுங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டாள். துண்டு எதற்கு என்று நயினாருக்கு அப்போதுதான் புரிந்தது.

அதன் பிறகு வந்த நாட்களில் அவர் கணக்குகளை ஒழுங்காகப் போட்டார். மைனஸ் ஒரு தடவைகூட விழவில்லை, விழுவதற்கு வந்தால்தானே. ஆனால் தோளைப் பற்றி மறுபடி கேட்டபோதெல்லாம் ஜெபமலர் கையைச் சன்னல் வழியாக முருங்கைப் பக்கம் நீட்டினாள். நயினாரும் ஒருநாள் போய் மரத்தடியில் நின்று பார்த்தார். ஒரு முருங்கைக்காய் பறித்துக்கொண்டு வீட்டுக்குப் போனதுதான் மிச்சம்.

தேர்வு நாள் வந்தது.

தண்ணீர்க் கணக்கு வழக்கம்போல் கடைசியில் உட்கார்ந்திருந்தது. தரையில் கிடையாக நீட்டிய ஓஸுக்குள், காற்றழுத்தத்துக்கு மேல் அழுத்தம் எட்டு பார் அலகு. ஓஸுக்குள் தண்ணீரின் வேகம் மிகக் குறைவு, கணக்கில் சேர்க்க வேண்டாம். நாஸிலிலிருந்து என்ன வேகத்தில் வெளியேறும்?

நயினார் இரண்டு புள்ளி வைத்தார். ஓஸுக்குள் எட்டு. நாஸில் வாயில், காற்றுக்கு மேல் பூஜ்யம்.

பூஜ்யத்தை எழுதும்போது கை ஒரு கணம் நின்றது. அந்த ஒரு சொட்டு நினைவுக்கு வந்தது. எழுதிவிட்டார். நொடிக்கு நாற்பது மீட்டர் என்று விடை வந்தது. மைனஸ் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று இரண்டு தடவை தேடிப் பார்த்தார். இல்லை.

பக்கத்தைத் திருப்பினார். கேள்வி முடியவில்லை. இரண்டாம் பகுதி இருந்தது.

நொடிக்குப் பன்னிரண்டு கிலோ தண்ணீர் வெளியேறுகிறது. பிராஞ்சைப் பிடித்திருப்பவர் அது பின்னால் போகாமல் இருக்க எவ்வளவு விசை கொடுக்க வேண்டும்?

நயினார் முந்தின பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். வாயில் அழுத்தம் பூஜ்யம் என்று தன் கையாலேயே எழுதியாகிவிட்டது. அப்புறம் எது தள்ளும்? எதை எதிர்த்து விசை? பக்கத்து மேசைக்காரர் பேப்பரைக் கட்டிக்கொண்டிருந்தார். போன் இருக்கும் மேசை கண்ணுக்குள் வந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும் வந்தது.

போன தண்ணீரைக் கேட்கச் சொன்னாளே.

கண்ணை மூடினார்.

ஓஸுக்குள் சோம்பேறியாக வந்துகொண்டிருந்தாயே, எப்படி இத்தனை வேகம் எடுத்தாய்?

யாரோ பின்னாலிருந்து தள்ளினார்கள்.

யார்?

தண்ணீர் பதில் சொல்லவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு நொடியும் பன்னிரண்டு கிலோ, நாற்பது மீட்டர் வேகத்தில், அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதை முன்னால் தள்ளிவிட்ட அதே விசையில், பிராஞ்ச் பின்னால் வந்து அவர் மேல் சாய்ந்தது.

கண்ணைத் திறந்து பன்னிரண்டை நாற்பதால் பெருக்கினார். நானூற்று எண்பது நியூட்டன். அவருக்கு நியூட்டனில் நிறுத்துப் பழக்கமில்லை. ஓரத்தில் பத்தால் வகுத்துப் பார்த்தார்.

நாற்பத்தெட்டு கிலோ.

சிமெண்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைச்சல்.

நயினார் பேனாவைக் கீழே வைத்தார். இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது.

மேற்பார்வையாளர் கவனித்துவிட்டு அருகில் வந்தார்.

"என்ன சார், தோள் வலிக்கா?"

"ஆமா சார், வலிக்கி" என்றார் நயினார். "விடை சரியாத்தான் வந்திருக்கு."