தூணும் ஆடியது

"அவன் கை வச்சதுலேர்ந்துதான் மேடம் ஆடுது. அவன் கை வச்சதுலேர்ந்துதான்."

காலையிலிருந்து தணிகாசலம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பத்து நாலு வயதில் ஒருத்தர் மாணவராக உட்காருவது பெரிய விஷயம். உட்கார்ந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய விஷயம். முதலாவது மட்டும்தான் அவருக்குக் கைவந்திருந்தது.

நூற்பாலையின் ராட்சதக் காற்றாடி அவர் பொறுப்பு. ஓடுகிற இயந்திரத்தைத் தொடாமல், தூரத்திலிருந்தே லேசர் பாய்ச்சி அதிர்வை அளக்கும் கருவி ஒன்று அங்கே புதிதாக வந்திருந்தது. அதைப் பழக்கிக் கொடுக்கத் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார் எமரென்சியா மேடம். தணிகாசலத்தின் தங்கை வயதுகூட இருக்காது.

'அவன்' என்பது ஆலையின் ஃபிட்டர் சுடலைமணி. காற்றாடிக்குப் போன வாரம் புது பேரிங் மாட்டியவர். மாட்டிய பிறகு புதுக் கருவியால் அளந்தால், அதிர்வு பழைய கணக்கைவிடப் பல மடங்கு. தணிகாசலம் நேரே மேனேஜரிடம் போய்ச் சொன்னார். நேற்றோடு சுடலைமணிக்கு வேலை போயிற்று.

"எங்கே, அளந்து காட்டுங்க" என்றார் மேடம்.

தணிகாசலம் இரும்புத் தகட்டு மேடையில் ஏறினார். குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்கிறது என்று போன வாரம்தான் அதைச் செய்யச் சொல்லி, காற்றாடியின் காற்றுக் குழாயோடு சேர்த்து வெல்டு வைத்திருந்தார். கருவியும் அதைத் தாங்கும் முக்காலியும் அதன் மேல்தான். சிவப்புப் புள்ளி பேரிங்கில் விழுந்தது. திரையில் அலை எகிறியது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். இப்போ அந்தத் தூணை அளங்க."

"தூணா? தூண் என்ன மேடம், சுத்தவா செய்யுது?"

"அளங்க சார்."

புள்ளி சிமெண்ட் தூணில் விழுந்தது. ஏறக்குறைய அதே அலை.

தணிகாசலம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கோபம் போன இடம் தெரியவில்லை. சுவரை அளந்தார். ஜன்னல் சட்டத்தை அளந்தார். ஜன்னலில் மேடம் வைத்திருந்த டீ டம்ளரைக்கூட விடவில்லை.

"எல்லாமே ஆடுது மேடம்! பூகம்பமா இருக்குமோ?"

"இருந்தா டீ சிந்தியிருக்கும்."

"அப்ப தூண் எப்படி...?"

"அதையும் சுடலைமணிதான் மாட்டினாரா?"

தணிகாசலம் காலடியைப் பார்த்தார். தடித்த பூட்ஸைக் கழற்றினார். காலுறையையும் உருவிவிட்டு, வெறுங்காலைத் தகட்டில் வைத்தார். உள்ளங்கால் குறுகுறுவென்றது.

முக்காலியைத் தூக்கித் தரையில் வைத்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து, புள்ளியைப் பேரிங்கில் நிறுத்தினார். அலை படுத்துவிட்டது. பழைய பேரிங் நன்றாக இருந்த காலத்தில்கூட இவ்வளவு அடங்கி அவர் பார்த்ததில்லை.

"அப்ப இந்தக் கருவி பொய் சொல்லிச்சா மேடம்?"

"இல்லையே. தனக்கும் எதிர்ல இருக்கிறதுக்கும் நடுவுல எவ்வளவு ஆட்டம்னு சரியாத்தான் சொல்லிச்சு. ஆடுறது எதுன்னு அதுக்குத் தெரியாது."

மேடம் டீயை எடுத்துக் குடித்தார்.

தணிகாசலம் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து செல்போனை எடுத்தார். மணி நெடுநேரம் அடித்தது. மறுமுனையில் எடுத்தார்கள், ஹலோ சொல்லவில்லை.

"சுடலை, நான்தான் வே. தப்பு எம்மேலதான். மேனேஜர்ட்ட நானே போய்ச் சொல்லுதேன்."

தணிகாசலம் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நாளைக்கு வேலைக்கு வாரும், வே."